நான்சி ட்ரூ நூல்களை எழுதியது யார்? பாத்திரங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது ஏன்?

#1 வாசகி_மதுரை

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்துக்காக, துப்பறியும் பெண் நான்சி ட்ரூவின் அமெரிக்க நாவல் வரிசைக்குப் பாத்திரப் பட்டியல் ஒன்று தயாராகிறது. மூன்று இடங்களில் சிக்கல்.

'தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்ட் கிளாக்' இரண்டு பிரதிகள் கையில் இருக்கின்றன. ஒன்றில் 25 அத்தியாயம், நான்சிக்கு 16 வயது. மற்றதில் 20 அத்தியாயம், 18 வயது. முதல் காட்சியே வேறு. எதை ஆதாரமாக வைப்பது?

எழுதியவர் கரோலின் கீன் என்று அட்டை சொல்கிறது. இணையத்தில் சிலர் மில்ட்ரெட் பென்சன் என்கிறார்கள், சிலர் ஹாரியட் ஆடம்ஸ் என்கிறார்கள். இரண்டு தரப்பும் அடித்துச் சொல்கிறது.

ஆரம்ப நூல்களில் நான்சியின் தோழி ஹெலன் கார்னிங். பிறகு பெஸ், ஜார்ஜ் என்று இருவர். ஹெலன் எங்கே போனாள்? யார் யார் எந்த நூலில் நுழைகிறார்கள்?

#2 மஞ்சள்_அட்டை

முதலில் ஆசிரியர் விஷயம். அது தெளிந்தால் மற்ற இரண்டும் பாதி தெளிந்துவிடும்.

கரோலின் கீன் என்று ஒருவர் இருந்ததே இல்லை. அது ஸ்ட்ராட்மேயர் சிண்டிகேட் என்ற நிறுவனத்தின் சொத்தான பெயர். எட்வர்ட் ஸ்ட்ராட்மேயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவியது. பாப்ஸி ட்வின்ஸ் (1904), டாம் ஸ்விஃப்ட் (1910), ஹார்டி பாய்ஸ் (1927) எல்லாம் இவர் தொடங்கிய வரிசைகள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கற்பனைப் பெயர். ஹார்டி பாய்ஸுக்கு ஃபிராங்க்ளின் டபிள்யூ. டிக்ஸன், நான்சிக்குக் கரோலின் கீன்.

வேலை நடந்த விதம் இது. வரிசையின் யோசனை, கதாநாயகியின் பெயர், ஒவ்வொரு நூலுக்கும் சில பக்கக் கதைச் சுருக்கம் இவை சிண்டிகேட்டிலிருந்து வரும். அதைக் கோஸ்ட் ரைட்டருக்கு, அதாவது வேறு பெயரில் வெளிவருவதற்காகக் கூலிக்கு எழுதித் தருபவருக்கு அனுப்புவார்கள். அவர் சில வாரங்களில் அதை 200 பக்கத்துக்கு மேல் வரும் நாவலாக விரித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அத்தியாயம் ஒவ்வொன்றும் ஆபத்திலோ அதிர்ச்சியிலோ முடிய வேண்டும் என்பது எழுதாத சட்டம். கைப்பிரதி வந்ததும் சிண்டிகேட் அதைத் திருத்தும். எழுதியவருக்கு ஒரே ஒரு தொகை, அத்துடன் சரி. எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கிறேன் என்று அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதன் பிறகு கிராசட் & டன்லப் பதிப்பகம் 50 சென்ட் விலையில் விற்கும். விற்பனைப் பங்கு சிண்டிகேட்டுக்கு மட்டுமே வரும். லட்சக்கணக்கில் விற்றாலும் எழுதியவருக்கு அதில் ஒரு சென்ட் கிடையாது.

நான்சிக்கு முதலில் யோசித்த பெயர்கள்கூடப் பதிவாகியிருக்கின்றன. 1929-இல் பதிப்பகத்துக்கு ஸ்ட்ராட்மேயர் அனுப்பிய குறிப்பில் ஸ்டெல்லா ஸ்ட்ராங், டயானா டேர், டயானா ட்ரூ, நான் நெல்சன், ஹெலன் ஹேல், நான் ட்ரூ ஆகியவை உண்டு. பதிப்பகம் கடைசிப் பெயரைத் தேர்ந்து 'நான்'-ஐ 'நான்சி' ஆக்கியது.

முதல் மூன்று நூல்களும் ஒரே நாளில், 1930 ஏப்ரல் 28 அன்று வெளிவந்தன. 'ஓல்ட் கிளாக்', 'தி ஹிட்டன் ஸ்டேர்கேஸ்', 'தி பங்களோ மிஸ்டரி'. மூன்றை ஒன்றாக இறக்குவது சிண்டிகேட்டின் வழக்கமான உத்தி. ஒன்று பிடித்த பிள்ளை அடுத்ததை உடனே கேட்கும், மூன்றின் விற்பனையைப் பார்த்தால் வரிசை ஓடுமா என்றும் தெரிந்துவிடும். ஆனால் ஸ்ட்ராட்மேயர் மே 10-ஆம் தேதியே இறந்துபோனார். தான் படைத்த பெண் எவ்வளவு பெரிய வெற்றி என்பது அவருக்குத் தெரியாது.

#3 பழையதாள்

கோஸ்ட் ரைட்டர்கள் யார் என்பதை நூல் எண்படி தருகிறேன். பட்டியல் போடுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். "முதல் 30 நூலும் மில்ட்ரெட் எழுதியது" என்று பல இடங்களில் இருக்கிறது, அது தவறு.

மில்ட்ரெட் அகஸ்டின் வர்ட், பிற்காலத்தில் மில்ட்ரெட் வர்ட் பென்சன். 1905-இல் அயோவா மாநிலத்தின் லடோரா என்ற சிற்றூரில் பிறந்தவர். அயோவா பல்கலைக்கழகத்தில் 1927-இல் இதழியல் முதுகலைப் பட்டம் பெற்றவர். அதற்கு முன்பே சிண்டிகேட்டின் ரூத் ஃபீல்டிங் வரிசையில் எழுதத் தொடங்கிவிட்டார். நான்சியில் அவர் எழுதியவை 1 முதல் 7 வரை, 11 முதல் 25 வரை, பிறகு தனியாக 30. மொத்தம் 23. ஆரம்பத்தில் ஒரு நூலுக்கு அவருக்குக் கிடைத்தது 125 டாலர்.

8, 9, 10 மூன்றும் வால்டர் கேரிக் எழுதியவை. 'நான்சிஸ் மிஸ்டீரியஸ் லெட்டர்' (1932), 'தி சைன் ஆஃப் தி ட்விஸ்டட் கேண்டில்ஸ்' (1933), 'தி பாஸ்வேர்ட் டு லார்க்ஸ்பர் லேன்' (1933). பொருளாதாரப் பெருமந்தம் அது. சிண்டிகேட் கூலியை 75 டாலராகக் குறைத்தது, மில்ட்ரெட் மறுத்துவிட்டார், வேலை கேரிக்கிடம் போனது. 1934-இல் 'தி க்ளூ ஆஃப் தி ப்ரோக்கன் லாக்கெட்' மூலம் மில்ட்ரெட் திரும்பினார்.

26-இலிருந்து பலர் வருகிறார்கள். 26 ஜார்ஜ் வாலர், 27 மார்கரெட் ஷெர்ஃப், 28 வில்ஹெல்மினா ராங்கின், 29 ஆல்மா சாஸ், 32 சார்லஸ் ஸ்ட்ராங். இவர்கள் ஆளுக்கு ஒரு நூல். 'தி க்ளூ ஆஃப் தி வெல்வெட் மாஸ்க்' (1953, எண் 30) மில்ட்ரெட்டின் கடைசி நான்சி. 31-இலிருந்து, 32 நீங்கலாக, எட்வர்டின் மகள் ஹாரியட் ஸ்ட்ராட்மேயர் ஆடம்ஸின் காலம். அது 1979-இல் வந்த 56-ஆம் நூல் வரை ஓடுகிறது.

கரோலின் கீன் பெயரில் டானா கேர்ல்ஸ் என்று இன்னொரு வரிசையும் 1934-இல் தொடங்கியது. அதன் முதல் நான்கு நூல்களை எழுதியவர் லெஸ்லி மெக்ஃபார்லேன், ஹார்டி பாய்ஸின் ஆரம்ப நூல்களை எழுதிய கனடாக்காரர். 5-ஆம் நூலிலிருந்து மில்ட்ரெட். நூலக அட்டவணையில் "கீன், கரோலின்" என்று தேடினால் இரண்டு வரிசையும் கலந்து வரும். பட்டியல் போடும்போது பிரித்துக்கொள்ளுங்கள்.

#4 செங்காந்தள்

@பழையதாள் எண்கள் எல்லாம் சரி. ஆனால் இப்படி எண்ணிப் பிரித்தால் ஹாரியட் பாதியில் வந்தவர் போலத் தெரிகிறது. அது அநியாயம்.

அப்பா இறந்தபோது வீட்டில் இந்தத் தொழிலை நடத்திய அனுபவம் யாருக்கும் இல்லை. நிறுவனத்தை விற்க முயன்றார்கள், மந்தக் காலத்தில் வாங்க ஆளில்லை. ஹாரியட்டும் தங்கை எட்னாவும் அலுவலகத்தை நியூ யார்க்கிலிருந்து நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சுக்கு மாற்றி நடத்தினார்கள். அதன் பிறகு மில்ட்ரெட்டும் கேரிக்கும் கையில் வாங்கி எழுதிய கதைச் சுருக்கங்கள் எங்கிருந்து வந்தன? இந்தச் சகோதரிகளிடமிருந்து. 1942-இல் எட்னா விலகிய பிறகு முழுப் பொறுப்பும் ஹாரியட் தலையில். 1982-இல் 89 வயதில் இறக்கும்வரை அவர் அதை விடவில்லை.

இன்று பெரும்பாலோர் கையில் இருக்கும் உரையே 1959-இல் தொடங்கிய திருத்தத்தில் உருவானதுதான். அதை முன்னின்று நடத்தியவர் ஹாரியட். முதல் 34 நூல்களும் 1977-க்குள் திருத்தப்பட்டன, சில முழுக்க வேறு கதையாகவே மாற்றப்பட்டன. நம் ஊரில் நான்சி படித்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் மில்ட்ரெட்டின் சொற்களை மூல வடிவில் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

#5 பழையதாள்

@செங்காந்தள் அக்கா, ஹாரியட்டின் உழைப்பை மறுக்கவில்லை. ஆனால் 1970-களின் பேட்டிகளில் அவர் எல்லா நூல்களையும் தானே எழுதியதாகச் சொன்னார். மில்ட்ரெட்டின் பெயர் அதில் இல்லை. அப்பா தொடங்கிய ரகசியத்தைக் காப்பது கடமை என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனாலும் உயிரோடு இருக்கிற ஒருவரின் 23 நூல்களைத் தன் கணக்கில் சேர்த்துச் சொன்னதை நியாயப்படுத்த முடியாது.

அது உடைந்த இடம் நீதிமன்றம். புதிய நூல்களைச் சைமன் & ஷூஸ்டரிடம் கொடுக்கச் சிண்டிகேட் முடிவு செய்தது. கிராசட் & டன்லப் வழக்குப் போட்டது. 1980-இல் நியூ யார்க்கில் விசாரணை. கிராசட் தரப்பு மில்ட்ரெட்டைச் சாட்சியாக அழைத்தது. பழைய ஒப்பந்தங்கள், கடிதங்கள் எல்லாம் ஆவணமாகத் தாக்கலாயின. பொதுவெளியில் யார் எதை எழுதினார் என்பது முதன்முதலாகக் காகிதத்தோடு நிரூபணமானது அங்கேதான். தீர்ப்பு இரண்டு பக்கமும் போனது. ஏற்கெனவே வெளியிட்ட நூல்களைக் கெட்டி அட்டையில் தொடரும் உரிமை கிராசட்டுக்கு, புதியவற்றை வேறு இடத்தில் வெளியிடும் உரிமை சிண்டிகேட்டுக்கு. அதனால்தான் இன்றும் 1 முதல் 56 வரை ஒரு பதிப்பகமும் 57-இலிருந்து வேறு பதிப்பகமும். 1984-இல் சைமன் & ஷூஸ்டர் சிண்டிகேட்டையே வாங்கிவிட்டது.

1993-இல் அயோவா பல்கலைக்கழகம் நான்சி ட்ரூ மாநாடு நடத்தியது. மில்ட்ரெட்டுக்கு ஊர் அறிந்த அங்கீகாரம் அப்போதுதான் வந்தது. ஓஹையோவின் டொலீடோ நகரில் பத்திரிகையாளராக வேலை பார்த்துக்கொண்டே இருந்தார். 2002-இல் 96 வயதில் இறக்கும்வரை பத்தி எழுதினார். இன்னொன்று: தன் சொந்தப் பெயரில் அவர் எழுதிய பென்னி பார்க்கர் வரிசையைத்தான் அவர் நான்சியைவிட உயர்வாக நினைத்தார். அதில் கதாநாயகி ஒரு பத்திரிகை ஆசிரியரின் மகள். மில்ட்ரெட்டின் நடையைச் சிண்டிகேட்டின் கை படாமல் பார்க்க விரும்புகிறவர்கள் அதைப் படிக்கலாம்.

#6 மஞ்சள்_அட்டை

இரண்டு பேருமே சரி, ஏனென்றால் இருவரும் வெவ்வேறு அடுக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள். வாசகி_மதுரை, உங்கள் பட்டியலில் 'ஆசிரியர்' என்று ஒரே கட்டம் வைக்காதீர்கள். கதைச் சுருக்கம், மூல உரை, திருத்திய உரை என்று மூன்று கட்டம் வையுங்கள். 'ஓல்ட் கிளாக்'கை அதில் போட்டால் எட்வர்ட் ஸ்ட்ராட்மேயர், மில்ட்ரெட் (1930), ஹாரியட் (1959) என்று வரும். மூவரில் யாரை விட்டாலும் அந்த நூல் நமக்குத் தெரிந்த வடிவில் இல்லை. திருத்த உரைகளில் ஹாரியட்டைத் தவிர சிண்டிகேட்டின் மற்ற எழுத்தாளர்களும் வேலை செய்திருக்கிறார்கள். ஆகவே 34-க்கும் கண்ணை மூடிக்கொண்டு ஹாரியட் என்று எழுத வேண்டாம். உறுதி இல்லாத நூலில் "சிண்டிகேட் திருத்தம்" என்று போட்டால் போதும்.

ஒரு முரண்பாடு எப்படி உருவாகிறது என்பதும் இந்த மூன்று கட்டத்தைப் பார்த்தாலே புரியும். மூலத்தில் நான்சியின் அம்மா இறந்தது அவளுக்கு 10 வயதில். திருத்தத்தில் 3 வயதில். பட்டியலில் "அம்மா: சிறுவயதில் மறைவு" என்று பொதுவாக எழுதித் தப்பிக்கலாம்தான், ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. அடுத்த பதிவில் நான்சி வீட்டுப் பணிப்பெண் ஹன்னாவைப் பற்றி யாராவது விரிவாக எழுதுங்கள்.

#7 செங்காந்தள்

ஹன்னா க்ரூன் பற்றி நான் எழுதுகிறேன். இந்த வரிசையில் அதிகம் மாறியவர் அவர்தான்.

மூல நூல்களில் ஹன்னா சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்மணி, அவ்வளவே. வீட்டை நடத்துவது 16 வயது நான்சி. என்ன சமைக்க வேண்டும், என்ன வாங்க வேண்டும் என்று உத்தரவிடுவது அவள். திருத்தத்தில் ஹன்னா மூன்று வயதிலிருந்து நான்சியை வளர்த்தவர், கவலைப்படுகிறவர், கிளம்பும்போது ஜாக்கிரதை சொல்கிறவர். அம்மா இறந்த வயதை 10-இலிருந்து 3-க்கு இறக்கியது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். பத்து வயதுவரை அம்மாவிடம் வளர்ந்த பெண்ணுக்கு ஹன்னா தாயாக முடியாது.

நான்சியின் குணமும் அதோடு சேர்ந்து மாறுகிறது. மூல 'ஹிட்டன் ஸ்டேர்கேஸ்'இல் பழைய மாளிகைக்கு அவள் தனியாகப் போகிறாள், அப்பா கையில் ரிவால்வர் கொடுத்து அனுப்புகிறார். திருத்தத்தில் ரிவால்வர் இல்லை, ஹெலன் கூட வருகிறாள், மாளிகையே ஹெலனின் உறவினர்களுடையது ஆகிவிடுகிறது. மூல நான்சி பெரியவர்களிடம் வெடுக்கென்று பேசுவாள், யாரையும் கேட்காமல் முடிவெடுப்பாள். திருத்த நான்சி எல்லாரிடமும் பணிவு. எனக்கு ஹாரியட் மீது மதிப்பு உண்டு, ஆனாலும் 1930-இன் நான்சிதான் துணிச்சலில் ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே சமயம் மூலத்தை அப்படியே பிள்ளைகள் கையில் கொடுக்கவும் தயக்கம் வரும். கறுப்பினத்தவர், வெளிநாட்டவர் பற்றிய இழிவான சித்திரிப்பு அவற்றில் நிறைய. மூல 'ஓல்ட் கிளாக்'இல் ஏரிக்கரை வீட்டுக் காவலாளி ஜெஃப் டக்கர் ஒரு கறுப்பினத்தவர். குடிகாரராக, கேலிக்குரியவராக, கொச்சை வழக்கில் பேசுகிறவராக வரைந்திருக்கிறார்கள். 1959 திருத்தத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்று இதை நீக்குவது. ஆனால் நீக்கிய விதம் பாத்திரத்தின் இனத்தையே மாற்றுவதாக இருந்தது. இழிவு போனது, கறுப்பின மனிதர்களும் கதையிலிருந்து போய்விட்டார்கள்.

#8 பழையதாள்

மீண்டும் மீண்டும் வரும் மற்றவர்கள்.

கார்சன் ட்ரூ, அப்பா, வழக்கறிஞர், முதல் நூலிலிருந்தே உண்டு. ஊர் ரிவர் ஹைட்ஸ், கற்பனை ஊர்.

ஹெலன் கார்னிங் ஆரம்ப நூல்களின் தோழி. அவளுக்கு வேலை குறைவு. நான்சி பேசுவதைக் கேட்பாள், படகில் கூட வருவாள். திருத்தத்தில் அவள் நான்சியைவிட மூத்தவள், ஜிம் ஆர்ச்சருடன் நிச்சயமானவள். வரிசையிலிருந்து மெல்ல விலகுவதற்கு அது ஒரு வழி. மூல உரையில் அப்படி எந்த முன்னேற்பாடும் இல்லை, புதிய தோழிகள் வந்ததும் அவள் ஓரமாகிறாள்.

பெஸ் மார்வின், ஜார்ஜ் ஃபேன் இருவரும் 5-ஆம் நூலில், 1931-இல் நுழைகிறார்கள். ஒன்றுவிட்ட சகோதரிகள். பெஸ் பயப்படுவாள், சாப்பாட்டுப் பிரியை. ஜார்ஜ் விளையாட்டு வீராங்கனை, குட்டை முடி, நேரடிப் பேச்சு. ஒரே தோழியை இரண்டாகப் பிரித்ததில் எழுதுகிறவருக்குப் பெரிய வசதி. இருட்டறைக் கதவு முன்னால் நிற்கும்போது "வேண்டாம்" என்று சொல்ல ஒருத்தி, "போகலாம்" என்று சொல்ல ஒருத்தி. முடிவெடுப்பது எப்போதும் நான்சி. ஹெலனை வைத்துக்கொண்டு இந்த உரையாடலை எழுத முடியாது. ஜார்ஜ் என்பது அவளுடைய உண்மைப் பெயர், ஜார்ஜியாவின் சுருக்கம் என்று போட்டுவிடாதீர்கள். 9-ஆம் நூலில் குடும்ப விவகாரம் ஒன்றால் இந்த இருவருக்கும் நான்சிக்கும் பிளவு வருகிறது. கேரிக் எழுதியது. மூவரின் நட்பில் விரிசல் விழுவது அபூர்வம் என்பதால் குறித்துக்கொள்ளத் தகுந்தது.

நான்சியின் காதலன் நெட் நிக்கர்சன் நுழைவது 7-ஆம் நூல், 'தி க்ளூ இன் தி டைரி' (1932). ஒரு மாளிகை தீப்பற்றி எரியும்போது அங்கே நிற்கும் நான்சியின் காரைத் தீயிலிருந்து தள்ளி நிறுத்துகிறான். எமர்சன் கல்லூரி மாணவன். இது கற்பனைக் கல்லூரி, பாஸ்டனில் உள்ள அதே பெயர்க் கல்லூரியோடு இணைக்க வேண்டாம். 1938-39-இல் வந்த திரைப்படங்களில் அவனுக்கு டெட் என்று பெயர் மாற்றினார்கள், பட்டியலில் அதைத் தனிப் பாத்திரமாக்கிவிடாதீர்கள். பெஸ்ஸுக்கு டேவ் எவன்ஸ், ஜார்ஜுக்கு பர்ட் எடில்டன். இவர்களுக்குக் கூட்டத்தில் நிற்பதைத் தவிர அதிக வேலை இல்லை.

டோகோ என்ற நாய்க்குட்டி 14-ஆம் நூலில் (1937) வருகிறது. நியூ யார்க்கில் வசிக்கும் அத்தை எலாய்ஸ், காவல்துறைத் தலைவர் மெக்கின்னிஸ் இருவரும் தேவைப்படும்போது மட்டும் தலைகாட்டுவார்கள். நிரந்தர வில்லன் என்று யாரும் இல்லை.

#9 வாசகி_மதுரை

மிக்க நன்றி. ஒரு பிரதியைக் கையில் எடுத்தால் அது மூல உரையா திருத்திய உரையா என்று எப்படி உறுதி செய்வது? அட்டையின் முதுகுப்புறம் மஞ்சளாக இருக்கும் 'மஞ்சள் முதுகு' பிரதி என்றால் திருத்தம் என்று வைத்துக்கொள்ளலாமா?

#10 மஞ்சள்_அட்டை

வைத்துக்கொள்ளக் கூடாது. சேகரிப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் அது. அட்டையில் படம் அச்சான மஞ்சள் முதுகு 1962-இல் வந்தது, திருத்தம் முடிந்ததோ 1977-இல். இடைப்பட்ட காலத்தில் மஞ்சள் அட்டைக்குள் மூல உரையே வைத்துப் பல நூல்கள் விற்றன. 'தி க்ளூ இன் தி ஓல்ட் ஆல்பம்' (எண் 24) 1977-இல்தான் திருத்தப்பட்டது. அதன் மஞ்சள் பிரதிகளில் 25 அத்தியாயம் உள்ளவை உண்டு.

செய்ய வேண்டியது எளிது. பொருளடக்கத்தைத் திறந்து அத்தியாயங்களை எண்ணுங்கள். முதல் 34 நூல்களில் 25 என்றால் மூலம், 20 என்றால் திருத்தம். பிறகு உரிமைப் பக்கம். ஒரே ஆண்டு இருந்தால் மூலம், "1959, 1930" போல இரண்டு இருந்தால் திருத்தம்.

உரிமைப் பக்கத்தில் இன்னொரு பொறி. "1930" என்று மட்டும் இருந்தால் அது 1930-இல் அச்சானது என்று பொருள் இல்லை. 1940-களில் அச்சிட்ட பிரதியிலும் 1930 மட்டும்தான் இருக்கும். அச்சான காலம் தெரிய, மேலுறையிலோ உள்ளேயோ உள்ள நூல் பட்டியலின் கடைசித் தலைப்பைப் பாருங்கள். பட்டியல் 'தி மிஸ்டரி ஆஃப் தி ப்ராஸ் பவுண்ட் ட்ரங்க்' (எண் 17) உடன் முடிந்தால் அந்தப் பிரதி 1940-க்கு முந்தியது அல்ல. மேலுறை வேறு பிரதியிலிருந்து மாட்டியதாக இருக்கலாம், ஆகவே உள்பட்டியலோடு ஒப்பிட வேண்டும். படங்களும் உதவும். 1930-களின் முற்பகுதிப் பிரதிகளில் வழுவழுப்பான தாளில் நான்கு படங்கள் இருக்கும். பிறகு முகப்புப் படம் ஒன்று மட்டும் அப்படி, அதன் பிறகு அதுவும் சாதாரணத் தாள். பழைய மேலுறை ஓவியங்கள் ரஸ்ஸல் டாண்டி வரைந்தவை, 1950-களிலிருந்து பரவலாகத் தெரிபவை ரூடி நாப்பியுடையவை.

தலைப்பே காட்டிக்கொடுக்கும் நூல்களும் உண்டு. 5-ஆம் நூல் 1931-இல் 'தி சீக்ரெட் அட் ஷேடோ ராஞ்ச்'. 1965 திருத்தத்தில் 'அட்' போய் 'ஆஃப்' வந்தது. 18-ஆம் நூல் 'மாஸ்-கவர்ட் மேன்ஷன்' அதேபோல. அதில் திருத்தம் கதையையே மாற்றிவிட்டது, 1971 உரை ஃபுளோரிடாவின் விண்வெளி மையத்தில் நடக்கிறது. 1941-இல் அப்படி ஒரு மையமே இல்லை. இத்தகைய நூல்களுக்கு இரண்டு தனிப் பதிவு போடுங்கள்.

உங்கள் இரண்டு 'ஓல்ட் கிளாக்' பிரதிகளையும் இதே முறையில் சரிபார்க்கலாம். திருத்தத்தில் தொடக்கத்திலேயே ஜூடி என்ற சிறுமியை நான்சி காப்பாற்றுவாள். மூலத்தில் ஜூடியே கிடையாது, டாபம் குடும்பத்துக்குச் சொத்து போவது பற்றி அப்பாவும் மகளும் பேசுவதில் தொடங்கும். உதவி பெறும் சகோதரிகளின் குடும்பப் பெயர் மூலத்தில் ஹார்னர், திருத்தத்தில் ஹூவர். இரண்டையும் தனித்தனிப் பாத்திரங்களாக எழுதிவைத்த பட்டியல்கள் இருக்கின்றன.

சென்னை, மதுரைப் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் ஆர்மடா பேப்பர்பேக் பிரிட்டிஷ் பதிப்பு. அதன் வரிசை எண்ணும் அமெரிக்க எண்ணும் ஒன்றல்ல. இந்த இழையில் சொன்ன எண்கள் எல்லாம் அமெரிக்கக் கணக்கு. ஆர்மடா அட்டையின் எண்ணை நம்பி வைத்தால் முழுப் பட்டியலும் இடறும், தலைப்பை வைத்தே பொருத்துங்கள்.

மூல உரை படிக்க விரும்பினால் பழைய நீல அட்டைக்கு விலை கொடுக்கத் தேவையில்லை. ஆப்பிள்வுட் புக்ஸ் 1991 முதல் முதற்பதிப்புகளை அச்சு அசலாக மறுபதிப்பு செய்தது. கிராசட் இன்று புதிதாக விற்கும் மஞ்சள் முதுகு நூல்களில் முதல் 34-உம் திருத்திய உரைதான்.

#11 நாடகக்காரன்

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். பள்ளி நாடகத்துக்காக நான்சி கதை ஒன்றைத் தமிழில் எழுதும் எண்ணம் உண்டு. முதல் நூல்கள் பொதுவுடைமை ஆகிவிட்டன என்கிறார்களே, எந்த அளவு உண்மை?

#12 பழையதாள்

அமெரிக்கச் சட்டப்படி 1930-இல் வெளியான நூல்களுக்கு 95 ஆண்டுக் காப்புரிமை. 2026 ஜனவரி 1 முதல் அவை பொதுவுடைமை. அந்த ஆண்டு வந்தவை நான்கு: முதல் மூன்று, நான்காவதாக 'தி மிஸ்டரி அட் லைலாக் இன்'. இந்த நான்கின் மூல உரை மட்டும். 1959 முதல் வந்த திருத்த உரைக்குத் தனிக் காப்புரிமை இன்னும் உண்டு. ஆகவே மஞ்சள் முதுகுப் பிரதியை வைத்து நாடகம் எழுதினால் தவறு.

இங்கேதான் பாத்திரங்கள் நுழைந்த ஆண்டு பயன்படுகிறது. நான்சி, கார்சன், ஹெலன், வெறும் பணிப்பெண்ணான ஹன்னா, இவர்கள் 1930. பெஸ்ஸும் ஜார்ஜும் 1931 நூலைச் சேர்ந்தவர்கள், அது 2027 ஜனவரியில் வரும். நெட் 1932, அதாவது 2028. தாயைப் போன்ற ஹன்னா, மூன்று வயதில் அம்மாவை இழந்த நான்சி, தொடக்கத்தில் நான்சி காப்பாற்றும் ஜூடி இவை திருத்தத்துக்கு உரியவை, தொடக் கூடாது. வணிக முத்திரை வேறு விஷயம். நான்சி ட்ரூ என்ற பெயரைத் தலைப்பிலும் விளம்பரத்திலும் பெரிதாகப் போட்டு, அதிகாரபூர்வமான நூல் என்று எண்ண வைத்தால் சிக்கல் வரும்.

இவை அமெரிக்கக் கணக்கு. புனைபெயர் நூல்களுக்கு இந்தியச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது, ஆசிரியர் யார் என்று வெளியே தெரிந்தால் கணக்கு மாறும். மேடையேற்றும் முன் காப்புரிமை தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

#13 செங்காந்தள்

@நாடகக்காரன் தம்பி, நான்கில் 'ஹிட்டன் ஸ்டேர்கேஸ்' எடுங்கள். இரண்டு பழைய வீடுகள், நடுவில் ரகசிய வழி, பாத்திரங்கள் குறைவு, மேடைக்கு வசதி. மூலத்தில் வில்லன் கோம்பெட்டின் வீட்டு வேலைக்காரப் பெண்ணின் சித்திரிப்பு மிக மோசம், அந்தப் பகுதியை நீங்களே புதிதாக எழுதுங்கள். ரிவால்வர் வேண்டாம் என்றால் டார்ச் விளக்கு போதும், கதை நிற்கும்.

@வாசகி_மதுரை ஆவணமாகச் சரிபார்க்க வேண்டுமென்றால் சிண்டிகேட்டின் அலுவலகக் கோப்புகள் நியூ யார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன, மில்ட்ரெட்டின் தாள்கள் அயோவா பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஆவணக் காப்பகத்தில். இரண்டின் உள்ளடக்க விவரமும் இணையத்தில் படிக்கலாம்.

#14 வாசகி_மதுரை

பட்டியலை மூன்று கட்டமாக மாற்றுகிறோம். ஹார்னரும் ஹூவரும் எங்கள் வரைவில் தனித்தனியாகவே இருந்தார்கள், இன்றே சேர்த்துவிடுகிறேன். முதல் பத்து நூல்கள் முடிந்ததும் இங்கே ஏற்றுகிறேன். கேரிக்கின் மூன்றையும் பழையதாள் சார் ஒருமுறை பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.